குறுக்குப்பிணைப்பு: சிக்கு வேறு, பிணைப்பு வேறு

பாலிமர் ஆய்வகங்களில் ‘கிராஸ்லிங்க்’ என்று சொல்வதைத் தமிழில் குறுக்கிணைப்பு என்றும் குறுக்குப்பிணைப்பு என்றும் எழுதுகிறார்கள். பின்னதே பொருத்தம். பாலிமரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை இங்கே கோத்திருப்பது சகப்பிணைப்பு, அதாவது அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து உருவாகும் பிணைப்பு. கழற்றி மாட்டும் இணைப்பு அல்ல.

சோதித்துப் பார்க்கக் கரைப்பான் போதும். ஸ்டைரீன் மூலக்கூறுகள் கோத்த சாதாரண பாலிஸ்டைரீனை டொலுயீன் என்ற கரைப்பானில் போட்டால் கரைந்துவிடும். சங்கிலிகளுக்கு இடையே இருப்பது வெறும் சிக்கு. ஸ்டைரீனோடு, இரு சங்கிலிகளைப் பிணைக்கவல்ல டைவினைல்பென்சீன் துளி சேர்த்துச் செய்ததோ ஊறிப் பருக்கும், கரையாது. ஜெர்மன் வேதியியலாளர் ஸ்டௌடிங்கர் 1934-இல் இதைக் காட்டினார்.

பாலிமரில் ‘பொலி’ பல, ‘மெரோஸ்’ பகுதி, இரண்டும் கிரேக்கம். இலங்கைப் பாடநூல்களின் ‘பல்பகுதியம்’ சொல்லுக்குச் சொல் நேர். தமிழ்நாட்டில் ‘பலபடி’ நிலைத்துவிட்டது.

நுண்துகள் செய்யும்போதுதான் பிணைப்பும் கரைப்பானும் சேர்ந்து வேலை செய்வது தெரியும். 100 மி.லி. அசிட்டோநைட்ரைல் கரைப்பானில் 2 மி.லி. டைவினைல்பென்சீன், அதன் எடையில் 2% ஏஐபிஎன் (வினையைத் தொடங்கிவைக்கும் பொருள்). நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை விரட்டி, 70 பாகை செல்சியசில் 24 மணி நேரம் புட்டியை மெல்ல உருட்ட வேண்டும். தெளிந்த கரைசல் பால்போல் வெளுக்கும். சில மைக்ரோமீட்டர் அளவில் ஒரே சீரான உருண்டைகள் கிடைக்கும். சோப்போ வேறு நிலைப்படுத்தியோ வேண்டாம். பிணைப்பு இறுகிய உருண்டைகள் மோதினாலும் ஒன்றில் ஒன்று கரைந்து சேராது.

டைவினைல்பென்சீனை விட்டுவிட்டு வெறும் ஸ்டைரீன் போட்டால் ஒட்டும் கட்டிதான் மிஞ்சும். வேகமாகக் கலக்கினாலும் திரிந்துபோகும். அசிட்டோநைட்ரைலுக்குப் பதில் முழுக்க டொலுயீன் ஊற்றினால் சங்கிலிகள் ஊறியபடியே கரைசலில் நிற்கும். உருண்டை பிரியாது, நுண்களியாகும், செறிவு கூடினால் புட்டி முழுதும் களியாக உறையும்.

நீரில் துளிகளாகத் தொங்கவிட்டுச் செய்யும் பெரிய மணிகளில் கரைப்பான் துளையாக்கியாகிறது, அதாவது மணிக்குள் துளைகளை உண்டாக்குகிறது. டொலுயீன் போன்ற நல்ல கரைப்பானில் பாலிமர் தாமதமாகப் பிரிவதால் துளைகள் சிறியவை, உட்பரப்பு அதிகம். ஹெப்டேனில் சீக்கிரமே பிரியும், துளைகள் பெரிதாகும்.

அடிக்கடி நடக்கும் பிழை கணக்கில். டைவினைல்பென்சீன் என்று விற்கும் கடைச் சரக்கில் பெரும்பாலும் 55% மட்டுமே அது. மீதியில் பெரும்பகுதி எத்தில்வினைல்பென்சீன், அது சங்கிலிகளைப் பிணைக்காது. கடின நீரை மென்மையாக்கும் பிசினின் வழக்கமான 8% பிணைப்புக்கு (கலவை எடையில் 8% டைவினைல்பென்சீன்), 100 கிராம் கலவையில் 8 அல்ல, 14.5 கிராம் சரக்கு போட வேண்டும்.