பிக்கப் வண்டியின் பதிவு எடை: ஷோரூம் சொல்லும் எண்ணும் ஆர்.சி. சொல்லும் எண்ணும்

கடன் வாங்கி பிக்கப் எடுத்தவர்கள் எடை மேடையில் தலைகுனிந்து நிற்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் வேண்டுமென்றே அதிகம் ஏற்றியவர்கள் அல்லர். 'ஒன்றரை டன் வண்டி' என்று சொல்லி விற்றதை நம்பி, அதற்கும் குறைவாகவே ஏற்றி, அபராதச் சீட்டு வாங்கியவர்கள். அவர்களுக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988 சரக்கு வண்டிக்கு முக்கியமாக இரண்டு எடைகளைச் சொல்கிறது. காலி எடை என்பது, வண்டி ஓடும்போது வழக்கமாக அதனுடன் இருக்கும் சாதனங்கள் அனைத்தும் சேர்ந்த எடை. ஓட்டுநரும் உதவியாளரும் அதில் சேரமாட்டார்கள். மொத்த எடை என்பது, வண்டியும் அதிலுள்ள சுமையும் சேர்ந்து எவ்வளவு வரை இருக்கலாம் என்று பதிவு அதிகாரி சான்றளித்துப் பதிந்த உச்ச வரம்பு. இரண்டும் ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், அச்சாகியிருக்கும். விளம்பரத் தாளில் உள்ள எண்ணுக்கும், வண்டியின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் எண்ணுக்கும், விற்பனையாளரின் வாய்ச்சொல்லுக்கும் சாலையில் மதிப்பே கிடையாது.

மொத்த எடையில் காலி எடையைக் கழித்தால் ஏற்றக்கூடிய சரக்கு கிடைத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஓர் எடுத்துக்காட்டுக்கு, ஆர்.சி.யில் மொத்த எடை 2,990 கிலோ, காலி எடை 1,650 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 1,340 கிலோ வருகிறது. ஆனால் ஓட்டுநர், கிளீனர், சுமை இறக்க வரும் ஒருவர் என மூன்று பேருக்கு 200 கிலோ போய்விடும். ஏனெனில் அவர்கள் காலி எடையில் இல்லை, எடை மேடையிலோ இருக்கிறார்கள். வண்டி வாங்கிய மறுவாரமே தொட்டிக்குள் இரும்புத் தகடு போட்டு, பக்கவாட்டில் கம்பி உயர்த்தியிருந்தால் அதற்கு இன்னொரு 130 கிலோ. மீதி 1,010 கிலோ. இதை அறியாமல் 1,300 கிலோ ஏற்றியவர், தம் கணக்கில் 40 கிலோ குறைவாகவே ஏற்றியதாக நினைத்திருப்பார். எடை மேடையோ 290 கிலோ அதிகம் என்று காட்டும். இதோடு, சரக்குக்கு வரும் பில்லில் பெரும்பாலும் நிகர எடைதான் இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கிரேட்டும் சாக்கும் மரப்பெட்டியும் பில்லில் இல்லாமல் வண்டியில் மட்டும் ஏறுகின்றன. மழையில் நனைந்த மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தகடும் கம்பியும் சரக்கு இடத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை. சட்டத்தின் 113ஆம் பிரிவைப் பலர் பாதிதான் அறிவார்கள். பதிவான மொத்த எடையைத் தாண்டக் கூடாது என்பது ஒரு பாதி. வண்டியின் காலி எடையே ஆர்.சி.யில் உள்ள காலி எடையைத் தாண்டக் கூடாது என்பது மறு பாதி. அதாவது, ஒரு மூட்டைகூட இல்லாமல் வீடு திரும்பும் வண்டியும் குற்றத்தில் சிக்கலாம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 52ஆம் பிரிவு தனியாகத் தடுக்கிறது. அதை மீறும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்று 182ஏ பிரிவு சொல்கிறது. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும் நாளன்று மட்டும் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு மறுநாள் மாட்டிக்கொள்ளும் வழக்கம் ஊரறிந்தது. அது எஃப்.சி.யைக் காப்பாற்றும்; சாலையில் நடக்கும் சோதனையிலிருந்து காப்பாற்றாது.

பாடி இல்லாத வெறும் சட்டகத்தை, அதாவது சேஸிஸாக, வாங்கி வெளியில் பாடி கட்டுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பாடி கட்டியவர் படிவம் 22ஏ-இல் தம் பங்குக்குச் சான்று தர வேண்டும். பட்டறைக்காரர் 'பில் மட்டும் போதும், மற்றதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் பார்த்துக்கொள்வார்கள்' என்று சொன்னால், அங்கே பாடி கட்டாதீர்கள். அந்த 'மற்றது'க்காக நீங்கள்தான் ஆறு முறை அலைவீர்கள்.

3,000 கிலோ என்ற எல்லையிலும் பலர் ஏமாறுகிறார்கள். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்று 66ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு விலக்கு தருகிறது. இங்கே கணக்கில் வருவது சரக்கு அன்று, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை. குட்டி யானை போன்ற சிறு வண்டிகள் இந்த எல்லைக்குள் நிம்மதியாக அடங்கிவிடும். பெரிய பிக்கப்களில் ஒரே பெயரில் இரண்டு மூன்று வகைகள் வருவதால், ஒன்று எல்லைக்கு உள்ளேயும் அடுத்தது வெளியேயும் இருக்கக்கூடும். 'பெர்மிட் வேண்டாத வண்டி' என்று பொதுவாகச் சொல்லி விற்றால், எந்த வகைக்கு என்று கேளுங்கள். பெர்மிட்டிலிருந்து விலக்கு என்றால் எஃப்.சி.யிலிருந்தோ வரியிலிருந்தோ இன்சூரன்ஸிலிருந்தோ விலக்கு என்று பொருளில்லை.

எண்களைச் சரிபார்க்க வேண்டிய நேரம், ஷோரூமை விட்டு வண்டி வெளியே வருவதற்கு முன்பு. விற்பனைச் சான்றான படிவம் 21-இல் காலி எடை, சக்கர அச்சின் (ஆக்ஸில்) எடை, மொத்த எடை மூன்றும் இருக்கும். பதிவு விண்ணப்பத்தில் உள்ளிடும் எண்கள் அதோடு ஒத்திருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருடைய ஆர்.சி.யில் 1,650 என்பது இலக்கம் இடம் மாறி 1,560 என்று ஏறிவிட்டது. ஷோரூமில் கேட்டால், 'நாங்கள் சரியாகத்தான் ஏற்றினோம், ஆபீஸில் ஒப்புதல் தந்துவிட்டார்கள்' என்றார்கள். ஆபீஸின் முதல் கவுன்ட்டரில், 'டீலர் ஏற்றியதைத்தான் நாங்கள் பார்ப்போம்' என்றார்கள். அடுத்த கவுன்ட்டர், பிரேக் இன்ஸ்பெக்டரைப் பார்க்கச் சொன்னது. அவரோ வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோன நாளில் அவர் முகாமுக்குப் போயிருந்தார். நான்கு நாள் வாடகை போனது. எவரும் 'முடியாது' என்று சொல்லவுமில்லை, திருத்தித் தரவுமில்லை.

இத்தகைய அலைக்கழிப்புக்கு ஒரே மருந்து காகிதம்தான். வண்டியை முத்திரையிடப்பட்ட எடை மேடையில் காலியாக நிறுத்தி, வண்டி எண், தேதி, நேரம் மூன்றும் அச்சான சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். எடை போடும்போது ஓட்டுநர் இறங்கியிருக்க வேண்டும். இதை மறப்பவர்கள் ஏராளம். அந்தச் சீட்டையும் படிவம் 21-இன் நகலையும் இணைத்து, எந்த எண் எப்படித் தவறு என்று இரண்டு வரியில் மனு எழுதி, இன்னொரு நகலில் தேதியோடு முத்திரை பெறுங்கள். பதிவு அதிகாரி 52ஆம் பிரிவு உள்ளிட்ட பதிவுப் பிரிவுகளின் கீழ் பிறப்பிக்கும் உத்தரவை எதிர்த்து, அது கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய 57ஆம் பிரிவு வழி தருகிறது. ஆனால் கவுன்ட்டரில் வாயால் சொல்லும் மறுப்பை எதிர்த்து எங்கும் போக முடியாது. அதனால்தான் எழுத்தில் தரத் தயங்குகிறார்கள் என்று நினைக்கும் அளவுக்கு எனக்கு அனுபவம் இருக்கிறது. மனுவுக்குப் பதிலே வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் நிலையைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

சாலையில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 2019 செப்டம்பர் 1 முதல், 194ஆம் பிரிவின்படி கூடுதல் சுமைக்கு 20,000 ரூபாய் அபராதம். அதற்கு மேல், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். சுமையை இறக்கும் செலவும் உங்களுடையதே. மேலே சொன்ன 290 கிலோவுக்கும் அடிப்படைத் தொகை அதே 20,000 தான் என்பதைக் கவனிக்க வேண்டும்; சிறு வண்டிக்காரரைத்தான் இந்த விதி அதிகம் நசுக்குகிறது. சரக்கு பக்கவாட்டிலோ பின்னாலோ உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டி நீண்டிருந்தால், எடை சரியாக இருந்தாலும் தனியாக 20,000 ரூபாய். பயந்துபோய் நிறுத்தாமல் ஓட்டினாலும், எடை போடுவதற்கு முன் சரக்கை இறக்கினாலும் 40,000 ரூபாய். ஆகவே நிறுத்துங்கள். எடை மேடைக்கு வரச் சொல்லும் அதிகாரமும் எல்லையற்றது அன்று: போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள், அல்லது சேரும் இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் உள்ள மேடைக்குத்தான் அழைக்கலாம் என்று 114ஆம் பிரிவு சொல்கிறது. மிகைச் சுமையை இறக்கச் சொல்லும் உத்தரவும் எழுத்தில்தான் இருக்க வேண்டும். எடைச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்காமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

வண்டியை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு வீட்டிலிருக்கும் உரிமையாளர்கள், 'எனக்குத் தெரியாமல் ஏற்றிவிட்டான்' என்று தப்பிவிடலாம் என நினைக்கிறார்கள். உரிமையாளருக்குத் தெரிந்தே, அல்லது அவர் சொல்லியே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என 113ஆம் பிரிவே சொல்லிவிட்டது. வண்டியின் உச்ச சரக்கு எடையை, ஆட்கள் எடையைக் கழித்த பிறகு, ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் இருக்கையின் முன் ஒட்டி வையுங்கள்.

பின்னால் டிரெய்லர் இழுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்; அதற்குத் தனிப் பதிவு வேண்டும், அதன் எடைகளும் தனியாகப் பதிவாக வேண்டும். பட்டறையில் வளையம் பற்றவைத்து, பதிவில்லாத டிரெய்லரை மாட்டி ஓட்டினால், விபத்து நாளன்று எந்தக் காகிதமும் கைகொடுக்காது.

இன்சூரன்ஸ் நிறுவனம் மிகைச் சுமையைக் காட்டி வண்டிச் சேதத்துக்கான இழப்பீட்டை முழுவதுமாக மறுத்தால், உடனே ஒப்புக்கொண்டு திரும்ப வேண்டாம். அனுமதித்த அளவைத் தாண்டிச் சுமை ஏற்றிய நிலையில், ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதத்துக்கு மிகாமல் வழங்கலாம் என்ற வழிகாட்டுதலை உச்ச நீதிமன்றம் 2010இல் ஒரு வழக்கில் எடுத்துக்காட்டித் தீர்ப்பளித்திருக்கிறது. மறுப்பை எழுத்தில் வாங்கி, அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அப்போது முதலில் கேட்கப்படுவது, விபத்து நாளன்று வண்டியில் என்ன எடை இருந்தது என்பதற்கான சீட்டாகத்தான் இருக்கும்.