கோப்புக்குப் பெயர் வைப்பது யார்?

ஜூன் மாதம், கிருஷ்ணகிரியில் மாம்பழச் சீசன் உச்சத்தில் இருந்தது. ஒரு மாங்கூழ் ஆலையின் எடை மேடையில் பதிவாகும் கணக்கை அலுவலகக் கணினிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாட்டை நான்தான் செய்து கொடுத்திருந்தேன். முதல் நாள் சாயங்காலமே கணக்குப் பிள்ளையிடமிருந்து போன். "தம்பி, நாப்பத்தோரு வண்டி பெங்களூரா மாங்கா எறங்கியிருக்கு. ஃபோல்டர்ல ஒரே ஒரு ஃபைல்தான் கெடக்குது. அதுவும் கடைசி வண்டியோடது."

தப்பு என்னுடையதுதான். எழுதப்படும் கோப்புக்கு 'எடை.எக்ஸ்எம்எல்' என்று ஒரே பெயரைக் கொடுத்து வைத்திருந்தேன். நான் பயன்படுத்தியது அப்பாச்சி கேமல், தகவலை மெசேஜ்களாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு சேர்க்கும் மென்பொருள். அது, அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் சத்தம் போடாமல் அதன் மேலேயே எழுதிவிடும். வேறு மாதிரி வேண்டுமானால் நாம்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அவசரத்துக்குப் பெயரையே நீக்கினேன். மறுநாள் ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் கோப்பு வந்தது. ஆனால் பெயர் எல்லாம் எழுத்தும் எண்ணும் கலந்த வாய்க்குள் நுழையாத சரம். பெயர் சொல்லாவிட்டால் மெசேஜின் அடையாள எண்ணையே கேமல் பெயராக வைத்துவிடும். கணக்குப் பிள்ளைக்கு அதில் எது யாருடைய வண்டி என்று எப்படித் தெரியும்?

எடைச் சீட்டின் எண்ணையே பெயராக வைத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். இங்கேதான் இந்த மென்பொருள்களின் உள்வேலை தெரிய வேண்டும். இவற்றுக்குள் ஓடும் ஒவ்வொரு மெசேஜும் தபால் மாதிரி: உள்ளே கடிதம், வெளியே உறை. உறையில் எழுதியிருப்பதை ஹெடர் என்பார்கள். கடைசியில் நின்று டிஸ்கில் எழுதும் அடாப்டர் தபால்காரர் ஜாதி, கடிதத்தைப் பிரிக்காது. உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல்லோ படமோ, அதற்குக் கவலை இல்லை. அதனால்தான் ஒரே அடாப்டர் எல்லா வேலைக்கும் பொருந்துகிறது. அதனால்தான் உள்ளே இருக்கும் சீட்டு எண்ணும் அதன் கண்ணில் படுவதில்லை. வழியிலேயே ஒரு கட்டத்தில் நாம் கடிதத்தைப் பிரித்து, எண்ணைப் படித்து, உறைமேல் எழுதிவிட வேண்டும். கேமலில் அந்த ஹெடருக்கு 'கேமல்ஃபைல்நேம்' என்று பெயர்.

இதே வகை மென்பொருளான மைக்ரோசாஃப்டின் பிஸ்டாக்கில் இதே காரியத்துக்கு ஒரு வேடிக்கையான குறுக்கு வழி உண்டு. அங்கே வெளியே போகும் கோப்பின் பெயரில் '%சோர்ஸ்ஃபைல்நேம்%' என்ற மேக்ரோவைப் போடலாம். மேக்ரோ என்றால், எழுதும் நேரத்தில் உண்மையான மதிப்பு வந்து உட்காரும் இடக்குறி. உள்ளே வந்த கோப்பின் பெயரை அப்படியே வெளியேயும் வைப்பதற்காக வந்தது அது. அந்தப் பெயரை, உறைமேல் இருக்கும் 'ரிசீவ்டுஃபைல்நேம்' என்ற பண்பிலிருந்து எடுக்கும். நடுவில் நாம் அந்தப் பண்பில் விரும்பிய பெயரை எழுதிவிட்டால், "இந்தப் பெயரில்தான் வந்தது போலிருக்கிறது" என்று நம்பி அதையே வைத்துவிடும். சின்னப் பொய்தான், ஆனால் ஊரெல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள்.

நானும் சீட்டு எண்ணை உறையில் எழுதினேன். இப்போது ஃபோல்டரில் கோப்பே இல்லை! ஆலையின் சீட்டு எண் 'கூ/25/117' என்ற வகை. சாய்கோட்டைப் பார்த்ததும் கேமல் அதை ஃபோல்டர் பிரிவு என்று எடுத்துக்கொண்டு, 'கூ' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் '25', அதற்குள் '117' என்று கோப்பை ஒளித்து வைத்திருந்தது. சாய்கோட்டைச் சிறுகோடாக மாற்றியதும் தீர்ந்தது. விண்டோஸ் என்றால் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறிக்கும் இடமில்லை. பிஸ்டாக்கின் தேதி மேக்ரோ மணியையும் நிமிடத்தையும் முக்காற்புள்ளி இல்லாமல் ஒட்டி எழுதுவதும் இதனால்தான்.

பெயரில் சேர்த்த தேதியில் இன்னொரு கோளாறு. 12ஆம் தேதி அதிகாலை 3 மணிக்கு இறங்கிய வண்டியின் கோப்பில் 11ஆம் தேதி, 21:30 என்று இருந்தது. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் கடிகாரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. விடியற்காலை ஐந்தரைக்குள் வந்த சுமை எல்லாம் முந்தின நாள் கணக்கில் ஏறிவிடும். 'ஆசியா/கொல்கத்தா' என்று நேர மண்டலத்தைச் சொன்ன பிறகே சரியானது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

கோப்பை எழுதி முடிப்பதற்குள் அதை எடுத்துப் படிக்கும் அலுவலக மென்பொருள் பாதியைத் தின்றுவிடும் ஆபத்தும் உண்டு. முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் பெயரை மாற்றினால் போதும். ஒரே டிஸ்குக்குள் பெயர் மாற்றம் நொடியில் நடந்துவிடும். பாதிப் பெயர் என்று ஒன்று கிடையாது.

கடைசியாகக் கணக்குப் பிள்ளை ஒன்று கேட்டார்: "பேர்ல ஊரும் இருந்தா நல்லா இருக்கும் தம்பி, தமிழ்லயே." லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு வழக்கமான உச்சவரம்பு 255 பைட் (பைட் என்பது கணினியில் இடத்தை அளக்கும் அலகு). எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'கி'யில் ககரம் ஒன்று, மேல்விலங்கு ஒன்று, ஆக 6. 'கிருஷ்ணகிரி'க்கு 33 பைட் ஆகும். ஆங்கில எழுத்தில் எழுதினால் வெறும் 11. காவேரிப்பட்டணத்துக்கு 45. தேதி, சீட்டு எண் எல்லாம் சேர்த்தாலும் வரம்புக்குள் தாராளமாக அடங்கியது. விவசாயியின் முழுப் பெயரையும் சேர்க்கலாமா என்று அவர் ஆரம்பித்தபோதுதான் நான் போனை வைத்தேன்.