மூக்கு உடைஞ்சா தெரியும், மூளை குலுங்கினா?

காட்பாடியில் பிசியோதெரபி பார்க்கிறேன். பொங்கல் போட்டிகள் முடிந்ததும் கபடிப் பையன்கள் வரிசைகட்டி வருவார்கள். தோள்பட்டை, முழங்கால், கணுக்கால். போன வருடம் அணைக்கட்டுப் பக்கமிருந்து ஒரு பையன் கழுத்து வலி என்று வந்தான். இரண்டு நாள் முன்பு பிடிபட்டு விழுந்ததில் தலை தரையில் மோதியிருக்கிறது. முகத்தில் தண்ணீர் அடித்து, சோடா கொடுத்து, பத்து நிமிடத்தில் மறுபடி இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

நான் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதற்குள் "எத்தனை நாள் வரணும் சார்?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டான். ட்யூப்லைட் கண்ணைக் கூசுது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கழுத்தை விட்டுவிட்டு, முதலில் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன்.

அப்பாவுக்குக் கோபம். "இதுக்குப் போயி நிறுத்தணுமா சார்? என் மச்சான் பையன் கனடாவுல இருந்து ஐஸ் ஹாக்கி வீடியோ அனுப்புறான். பல்லு போவுது, மூக்குல ரத்தம் ஊத்துது, ஆடிக்கினேதான் இருக்கானுங்க."

பொய்யில்லை. அங்கே 170 கிராம் ரப்பர் வில்லை மணிக்கு 160 கிலோமீட்டரையும் தாண்டிப் பறக்கும். தையல் போட்டுக்கொண்டு அதே ஆட்டத்தில் இறங்குகிறவர்கள் உண்டு. ஆனால் பிரெட் லிண்ட்ராஸ் என்ற ஆட்டக்காரர் 1996-ல் 20 வயதிலேயே ஓய்வு பெற்றது பல் போனதால் அல்ல. தலையில் அடிமேல் அடி. வீடியோவில் ரத்தமாகத் தெரியாத அடி.

சிட்னி கிராஸ்பி என்ற ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரரின் கதையைப் பையனின் அப்பாவுக்குச் சொன்னேன். 2011 ஜனவரி 1 அன்று எதிரணிக்காரரின் தோள் அவர் தலையில் இடித்தது. ஜனவரி 5 அன்று மறுபடி இறங்கினார், மறுபடி இடி. பிறகு நவம்பர் 21 வரை ஆட்டமே இல்லை. திரும்பிய அன்றே இரண்டு கோல். எட்டு ஆட்டத்தில் பழைய தொந்தரவு திரும்பி, அடுத்த மார்ச் வரை வெளியே. உலகத்தின் முதல்தர ஆட்டக்காரர், பக்கத்திலேயே மருத்துவர்கள். முழுசாகத் தேறி வந்ததால்தான் 2016-லும் 2017-லும் ஐஸ் ஹாக்கியின் பெரிய கோப்பையான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்.

அவர் ஹெல்மெட் போட்டிருந்தவர்தான். ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும். உடையாத தேங்காயைக் குலுக்கினாலும் உள்ளே தண்ணீர் அலம்புகிறதே, அப்படித்தான் மூளையும். (இதைச் சாக்காக வைத்து பைக்கில் ஹெல்மெட்டைக் கழற்றிவிடாதீர்கள்.) கன்கஷன் எனும் இந்த அதிர்ச்சி பெரும்பாலும் சிடி ஸ்கேனில் தெரியாது. "ஸ்கேன் நார்மல், ஆடலாம்" என்பது நம் ஊரில் நான் அதிகம் கேட்கும் தப்பான கணக்கு.

1949-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கியவர் ஜேக்கப் சாண்டி. அவர் பயிற்சி பெற்றது மாண்ட்ரியலில், ஐஸ் ஹாக்கியே மூச்சாக இருக்கும் ஊரில். அப்பேர்ப்பட்ட வேலூரில் இருந்துகொண்டு தலையில் பட்டவனுக்கு சோடா கொடுக்கிறோம்.

தலையில் பட்டு, தலைவலி, தடுமாற்றம், மறதி எது இருந்தாலும் அன்று ஆட்டம் கிடையாது. மறுபடி மறுபடி வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், கை கால் தளர்ச்சி, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே அவசரப் பிரிவு. மற்றபடி ஓரிரு நாள் ஓய்வு. பிறகு நடை, மெல்லோட்டம், தனியாகப் பயிற்சி. டாக்டர் சரி என்ற பிறகே ஆளைப் பிடித்து ஆடுகிற ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தொந்தரவு கூடினால் ஒரு படி கீழே.

நாலாவது வாரம் பையன் வந்தான். "எத்தனை நாள் சார்?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டான்.