‘என் சகலைக்கு ஒண்ணும் ஆகலையே!’: ஹெச். பைலோரி எல்லார் வயிற்றிலும் ஒன்றல்ல

போன வாரம் நள்ளிரவில் ரத்த வாந்தியோடு ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 43 வயது. இரண்டு நாளாக மலம் தார் போலக் கறுப்பாகப் போயிருக்கிறது. ஹீமோகுளோபின் 6. ரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோபி வழியாகவே கிளிப் போட்டு நிறுத்தினோம். முன்சிறுகுடலில் புண். பழைய ஃபைலைப் புரட்டினால், எட்டு மாதத்துக்கு முன்பு நானே எழுதிக் கொடுத்த சீட்டு: இரைப்பையில் குடியேறிப் புண் உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமிக்கு 14 நாள் மாத்திரை.

நாலாம் நாளே நிறுத்திவிட்டாராம். “வாயெல்லாம் ஒரே கசப்பு டாக்டர். என் சகலைக்கும் இதே கிருமிதான். அவரு ஒரு மாத்திரைகூடப் போடல, நல்லாத்தான் இருக்காரு.”

சகலை, பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸ் நண்பர் என்று ஆள்தான் மாறுகிறது, வாக்கியம் மாறுவதில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் ரிப்போர்ட்டில் ‘ஹெச். பைலோரி – பாசிட்டிவ்’ என்றுதான் இருக்கும். நெல் மூட்டை என்று மட்டும் எழுதி வைத்தால் உள்ளே இருப்பது பொன்னியா, சீரகச் சம்பாவா என்று தெரியுமா? இந்தக் கிருமியிலும் அப்படித்தான் ரகங்கள் உண்டு. ஒருவர் வயிற்றிலிருந்து எடுத்ததும் இன்னொருவர் வயிற்றிலிருந்து எடுத்ததும் மரபணுவில் அவ்வளவு வேறுபடும்.

சில ரகங்களிடம் காக்-ஏ என்ற புரதம் உண்டு. கூடவே, ஊசி போன்ற ஓர் அமைப்பும் உண்டு. அதைக் கொண்டு இரைப்பையின் உட்சுவர் செல்லுக்குள் இந்தப் புரதத்தை நேரடியாகச் செலுத்திவிடும். செல் உடனே அபாயச் செய்தி அனுப்ப, ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் அங்கே படையெடுக்கும். அதுதான் அழற்சி. காக்-ஏ இல்லாத ரகத்திலும் அழற்சி உண்டு, ஆனால் பொதுவாக மந்தமாக இருக்கும். வேக்-ஏ என்று இன்னொரு நச்சு, அதிலும் வீரியமானது, வீரியமற்றது என்று வகைகள். காக்-ஏ-யிலேயே கிழக்காசிய வகை செல்லுக்குள் இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் இரைப்பைப் புற்றுநோய் அதிகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொலம்பியாவில் துமாகோ என்ற கடற்கரை ஊர், துக்கெரெஸ் என்ற மலை ஊர். இரண்டுக்கும் நடுவே 200 கிலோமீட்டர்தான். இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேரிடம் இந்தக் கிருமி இருக்கிறது. ஆனால் மலையில் இரைப்பைப் புற்றுநோய் கடற்கரையைப் போல ஏறக்குறைய 25 மடங்கு. ஆராய்ந்தவர்கள் கண்டது இதுதான்: கிருமியின் பூர்விகமும் மனிதரின் பூர்விகமும் ஒத்துப்போகாத வயிறுகளில் சேதம் அதிகம். ஆக, ரகம் மட்டுமல்ல, அது எந்த உடம்பில் குடியேறுகிறது என்பதும் கணக்கு. நம் நாட்டுக் கிருமிகளில் பெரும்பாலானவற்றிடம் காக்-ஏ இருந்தும், ஜப்பான் அளவுக்கு நமக்குப் புற்றுநோய் இல்லை.

சரி, அந்த ரகத்தைப் பார்த்துச் சொல்லுங்களேன் என்பீர்கள். வழக்கமான லேப் பரிசோதனையில் அது வராது. வந்தாலும், உங்கள் வயிறு எந்தப் பக்கம் போகும் என்று அதை மட்டும் வைத்து யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. இதில் உங்கள் சகலை எப்படிச் சொல்வார்?

அவருக்கு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதும் சரியல்ல. வலி இல்லை, அவ்வளவுதான். இந்தக் கிருமி குடியிருக்கும் இரைப்பையிலிருந்து துளி சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அநேகமாக எப்போதும் அழற்சி தெரியும். ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984-இல் இந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். அவருக்குக் கடுமையான இரைப்பை அழற்சி வந்தது, அல்சர் வரவில்லை. இந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்காக 2005-இல் சக ஆய்வாளர் ராபின் வாரனோடு நோபல் பரிசு பெற்றவரும் அவர்தான். அல்சர் வராததால் கிருமி சாது என்று அவர் முடிவுகட்டவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இதை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

ஆகவே, எழுதிக் கொடுத்த 14 நாளும் மாத்திரையை முடியுங்கள். கசக்கத்தான் செய்யும். தாங்க முடியாவிட்டால் போன் செய்யுங்கள், மாற்றித் தருகிறோம். நீங்களாக நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். வயிற்றுப்போக்கு வந்தபோதெல்லாம் கடையில் மெட்ரோனிடசோல் வாங்கிப் போட்டுப் போட்டு, நம் ஊரில் அந்த மருந்து ஏற்கெனவே பாதிப் பலத்தை இழந்து நிற்கிறது. இந்தக் கிருமிக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான கிளாரித்ரோமைசினையும் அந்தக் கதிக்கு ஆளாக்காதீர்கள்.

மாத்திரை முடிந்து குறைந்தது நாலு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்துகொள்ள வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு வாரம் ‘கேஸ் மாத்திரை’ என்று விழுங்கும் பான்டோபிரசோல் வகையறா கூடாது. போட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது, கிருமி போன பிறகும் மாதக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும்.

அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம் இருந்தால் தயவுசெய்து மருந்துக்கடைக்குப் போகாமல் நேரே வாருங்கள்.

கிளிப் போட்டவர் வீடு திரும்பிவிட்டார், மாத்திரையை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். போகும்போது சகலையின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். இன்னும் அவர் எடுக்கவில்லை.