உலர்த்தினால் உயிர்விடும் விதைகள்

காட்டு மரம் ஒன்று அருகிவருகிறது என்றால், அதன் விதைகளைச் சேகரித்துக் குளிரறையில் வைத்துவிட்டால் இனம் பிழைத்துக்கொள்ளும் என்றே பலரும் நினைக்கிறோம். நெல்லுக்கும் உளுந்துக்கும் அது பொருந்தும். கோலாலம்பூரைச் சுற்றியுள்ள மழைக்காடுகளின் பெருமரங்களுக்கு அது பொருந்தாது.

நெல் போன்றவற்றின் விதை, தாய்ச்செடியில் இருக்கும்போதே உலரத் தொடங்குகிறது. அப்போது அதன் உயிரணுக்களில் சர்க்கரைகளும் சில காப்புப் புரதங்களும் சேர்ந்து, உள்ளிருக்கும் நீர்மத்தைக் கண்ணாடி போன்ற திடநிலைக்குக் கொண்டுவருகின்றன. வேதிவினைகள் ஏறத்தாழ நின்றுவிடுவதால், ஈரப்பதம் 5 விழுக்காடு அளவுக்குக் குறைந்த விதையை மைனஸ் 20 பாகை செல்சியஸில் பல பத்தாண்டுகள் வைத்திருக்க முடிகிறது.

மெராந்தி, கப்பூர், கோங்கு முதலிய இந்த மழைக்காட்டு மரங்களின் விதைகளுக்கு இந்த உலரும் பருவமே இல்லை. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நீரைச் சுமந்தபடி விழும் அவற்றை உலர்த்தினால் உயிரணுச் சவ்வுகள் சிதைகின்றன. உலர்த்தாமல் உறையவைத்தால் பனிப்படிகங்கள் அணுக்களைக் கிழிக்கின்றன. டுரியான், ரம்புத்தான், ரப்பர் விதைகளும் இவ்வகையே. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுசென்ற சுமார் 70,000 ரப்பர் விதைகளில் ஏறத்தாழ 2,700 மட்டுமே முளைத்தன. நம் முன்னோர் பால்வெட்டிய தோட்டங்கள் பலவும் கடல் பயணத்தில் சாகாமல் எஞ்சிய அந்தச் சில விதைகளின் வழிவந்தவை.

ஆகவே இங்கே நாற்றங்காலே விதை வங்கி. ஆனால் விதை ஆண்டுதோறும் கிடைப்பதில்லை. பல இனங்கள் இரண்டு முதல் பத்து ஆண்டு இடைவெளியில், பெரும்பாலும் பசிபிக் கடல்நீர் சூடாகும் எல் நினோவோடு வரும் வறட்சியை ஒட்டி, ஒரே பருவத்தில் கூட்டாகக் காய்க்கின்றன. கப்பூர்க் காய் ஐந்து சிறகுகளோடு இறகுப்பந்தைப் போலிருக்கும். சுழன்று விழுந்த சில நாள்களிலேயே அதன் முனையில் வேர் எட்டிப்பார்க்கும். வண்டு துளைக்கும் முன் பொறுக்கி, ஈர மரத்தூளில் பொதிந்து, காற்றுப் புகும் பையில் உடனே கொண்டுவர வேண்டும். பிறகு சிறகுகளை ஒடித்து, பாதி மண்ணில் பதியும்படி ஊன்றி, நிழல்வலையின் கீழ் வளர்க்கிறார்கள். வேரோடு கூட்டுவாழ்வு நடத்தும் பூஞ்சை வந்து சேர்வதற்காக மண்ணில் காட்டு மண்ணையும் கலப்பதுண்டு. இந்தப் பூஞ்சை இல்லாத நாற்று சத்தின்றி வெளிறி நிற்கும். நிழலை ஒரேயடியாக நீக்காமல், படிப்படியாக வெயிலுக்குப் பழக்கிய பின்னரே நடவுக்கு அனுப்ப வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டால் பலன் உண்டா என்று கேட்பவர்கள் கோலாலம்பூரை அடுத்த கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒருமுறை போய்வரலாம். 1920-களில் கைவிடப்பட்ட ஈய லம்பங்களும் (சுரங்கங்களும்) காய்கறித் தோட்டங்களுமாக இருந்த அந்த நிலம், நட்டு வளர்த்த மரங்களால் காடாகி, 2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது.

விதையின் கருவை மட்டும் பிரித்தெடுத்து, விரைவாக உலர்த்தி, மைனஸ் 196 பாகையிலுள்ள திரவ நைட்ரஜனில் காக்கும் முறையும் உண்டு. எனினும் ஒவ்வோர் இனத்துக்கும் தனிச் செய்முறை வகுக்க வேண்டியிருப்பதால், பெரிய விதையுள்ள மரங்களுக்கு அதை மட்டுமே நம்பியிருக்க முடியாது.

ராவாங்கை அடுத்த கஞ்சிங் காட்டில் மட்டுமே இயற்கையாக வளரும் கியாம் கஞ்சிங் என்ற கோங்கு வகையை எண்ணினால் அவசரம் புரியும். அத்தகைய இனத்தை எவ்வளவு நாற்றுகளாகப் பெருக்கினோம் என்பதைவிட, எத்தனை தாய்மரங்களிலிருந்து பெருக்கினோம் என்பதே முக்கியம் என்பேன். ஒரே மரத்தடியில் பொறுக்கிய ஆயிரம் நாற்றுகளும் நெருங்கிய உறவுகள். ஒரு நோய் வந்தால் எல்லாமே பாதிக்கப்படலாம். அதனால்தான் நாற்றுப் பையின் அட்டையில் இனப்பெயரோடு தாய்மரத்தின் எண்ணையும், அது நிற்கும் இடத்தையும், விதை எடுத்த தேதியையும் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.