பாலாற்றங்கரைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் புற்றுநோய்?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பேச்சுக் கொடுத்தால் ஒரு சந்தேகம் வரும்: தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த தண்ணீரால் நம் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் கூடிவிட்டதா? நியாயமான கேள்வி. பதில் சொல்ல முதலில் ஓர் எண்ணிக்கை வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரி வார்டில் உள்ள பிள்ளைகளை எண்ணினால் போதாது. வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், ஆந்திரா என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். காட்பாடிப் பிள்ளையோ ரயிலேறிச் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போயிருக்கும். அதனால் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு, அதாவது ஒரு பகுதியில் வசிப்பவர்களில் யாருக்கெல்லாம் புற்றுநோய் என்று எண்ணும் பதிவேடு, குடியிருக்கும் ஊரைத்தான் பார்க்கிறது. அந்த எல்லைக்குள் ஓராண்டாவது வசித்திருக்க வேண்டும் என்பது இந்தியப் பதிவேடுகளின் விதி. சிகிச்சைக்காக வேலூர் லாட்ஜில் தங்கியிருக்கும் குடும்பம் வேலூர்க் கணக்கில் வராது. அடையாறுக்குப் போன பிள்ளை வரும். சென்னையில் இந்தப் பதிவு 1982 முதல் நடக்கிறது. மாநிலம் முழுவதற்குமான திட்டம் 2012இல்தான் தொடங்கியது.

மருத்துவமனை, ஆய்வகம், இறப்புப் பதிவு அலுவலகம் என்று அலைந்து தகவல் திரட்டுவார்கள். ஒரே பையன் ஓரிடத்தில் ‘எஸ். கார்த்திக்’, இன்னோரிடத்தில் ‘கார்த்திகேயன்’, மூன்றாவதில் ‘செல்வம் மகன்’ என்றிருப்பான். வயது, தெரு, அப்பா பெயர், நோயின் வகை எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஒருவனாக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. இதில் பிசகினால் மொத்தமும் பிசகும்.

பிறகு அந்த எண்ணிக்கையை அப்பகுதிப் பிள்ளைகளின் தொகையால் வகுக்க வேண்டும்; அதுதான் விகிதம். கையில் இருப்பது 2011 கணக்கெடுப்பு. அன்று வேலூர் மாவட்டத்தில் 39 லட்சம் பேர். 2019இல் அது மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முன் 1989இல், வேலூரை உள்ளடக்கிய பழைய வட ஆற்காடு மாவட்டமே இரண்டானது. பழைய விகிதத்தோடு ஒப்பிட, தாலுகா தாலுகாவாகப் பிரித்துச் சேர்க்க வேண்டும்.

அதிலும், இந்த நோய் அரிது. வளர்ந்த நாடுகளில் 15 வயதுக்குட்பட்ட பத்து லட்சம் பேரில் ஆண்டுக்குச் சுமார் 140 பேருக்கு வருகிறது. ஒரு லட்சம் பிள்ளைகள் உள்ள தாலுகாவில் ஒரு வருடம் 9, அடுத்த வருடம் 17 என்று வந்தால் அது வெறும் தற்செயலாகவே இருக்கலாம். ஐந்தாறு வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்க்காமல் தண்ணீரைக் குற்றம் சொல்லவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது.

என்னை அதிகம் வதைப்பது எண்ணப்படாத பிள்ளைகள்தான். ரத்தப் புற்றுநோயின் காய்ச்சலும் வெளிறலும் டைஃபாய்டு, ரத்தசோகை என்று போய்விடும். கழுத்துக் கட்டிக்குக் காசநோய் மாத்திரை கொடுப்பார்கள். நோய் இன்னதென்று தெரியுமுன்பே பிள்ளை போய்விடும். உலக அளவில் 43 சதவீதக் குழந்தைப் புற்றுநோய்கள் கண்டறியப்படுவதே இல்லை என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே ஏழை நாடுகளின் குறைந்த விகிதத்தைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது.

இந்தியப் பதிவேடுகளில் பையன்கள் மிக அதிகம். எங்குமே பையன்களுக்குச் சற்றுக் கூடுதலாக வருகிற நோய்தான். இங்கே இடைவெளி அதைவிடப் பெரிது. பெண் பிள்ளைக்காகக் கடன் வாங்கி வேலூருக்கோ சென்னைக்கோ அழைத்துப்போகத் தயங்கும் வீடுகள் இருக்கின்றன என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மாவட்டத்தில் விகிதம் உயர உயர இந்த இடைவெளி குறைந்தால், அந்த உயர்வில் ஒரு பங்கு, இதுவரை ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்காத பெண் பிள்ளைகள் வந்து சேர்ந்ததாக இருக்கலாம்.