அட்டை செல்லும், உங்கள் வீட்டுக்குச் செல்லுமா?

சிங்கப்பூரில் வீட்டு வேலைக்கு வெளிநாட்டுப் பெண் ஒருவரை அமர்த்துபவர், அவருக்கு அந்த வேலையைச் செய்யச் சட்டப்படி அனுமதி உண்டா என்று முன்னதாகவே பார்த்திருக்க வேண்டும். "கேட்டேன், இருக்கிறது என்றார்" என்ற பதில் நீதிமன்றத்தில் எடுபடாது. அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தவருக்கு 5,000 முதல் 30,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வேலை செய்த பெண்ணுக்கோ 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் காத்திருக்கின்றன. பின்னணி இவ்வளவு போதும்.

வேலை அனுமதியின் அசல் அட்டையை வாங்கிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் அசல் ஆகாது. அதிலுள்ள விவரங்களைக் கடப்பிதழோடு ஒப்பிடுங்கள். பிறகு, அனுமதியை வழங்கிய அமைப்பிடமே அது நடப்பில் உள்ளதா என்று உறுதிசெய்யுங்கள். வேலை அனுமதிக்கு மனிதவள அமைச்சு, நீண்டகால வருகை அனுமதிக்குக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் என்று பொறுப்பு பிரிந்து கிடப்பதால், ஓர் இடத்தில் கேட்டு இன்னோர் இடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் பலர். ரத்தான அட்டையும் பார்வைக்கு நல்ல அட்டையாகவே இருக்கும் என்பதால், மனிதவள அமைச்சின் எஸ்ஜி வொர்க்பாஸ் செயலியில் அதன் கியூஆர் குறியீட்டை வருடிப் பார்க்காமல் நம்பாதீர்கள். பார்த்து முடித்ததும் கடப்பிதழையும் அட்டையையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். "பத்திரமாக நான் வைத்திருக்கிறேன்" என்பது தனிக் குற்றம்.

இவ்வளவும் செய்த பிறகும் மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அட்டை செல்லத்தக்கதாகவே இருக்கும். ஆனால் வேறொரு முதலாளிக்கு. எங்கள் புளோக்கில் வேலை செய்த புதுக்கோட்டைப் பெண் ஒருவர், கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த அட்டையை என்னிடம் நீட்டி, "அக்கா, இதுல மேடத்தோட தங்கச்சி வீடு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார். எங்கும் எழுதியிருக்கவில்லை. சனிக்கிழமைதோறும் அந்தத் தங்கை வீட்டைத் துடைக்க அவர் அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தார். அட்டையில் பெயர் உள்ள முதலாளிக்கு, அமைச்சிடம் தெரிவித்த முகவரியில் மட்டுமே பணிப்பெண் வேலை செய்யலாம். முதலாளியின் குழந்தையையோ முதிய பெற்றோரையோ நெருங்கிய உறவினர் வீட்டில் பார்த்துக்கொள்வதற்கு, பணிப்பெண் சம்மதித்தால், இடமுண்டு. அந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வீட்டு வேலையையும் ஒருவர் தலையில் கட்டக் கூடாது. முதலாளியின் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவச் சொல்வதற்கும் இடமில்லை.

"டிரான்ஸ்ஃபர் கேஸ், நாளைக்கே வரலாம், நாலு நாள் டிரையல் பாருங்கள்" என்று பணிப்பெண்களை அமர்த்தித் தரும் முகவை சொன்னால் மறுத்துவிடுங்கள். உங்கள் பெயரில் புதிய அனுமதி வழங்கப்படும் வரை அவர் இன்னொருவரின் பணிப்பெண்தான். விண்ணப்பம் போட்டாயிற்று என்பதும் அனுமதி கிடைத்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைத் தங்களுக்கு வசதியானபோது மறந்துவிடும் முகவைகள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மணிக்கணக்கில் வந்து துடைத்துத் தருவதாகச் சொல்லும் பணிப்பெண்ணை, அவருக்கு உதவுவதாக நினைத்துக்கூட அழைக்காதீர்கள். ஓய்வு நாளில்கூட அவருக்குப் பகுதிநேர வேலை செய்ய அனுமதி இல்லை. பிடிபட்டால் ஊருக்கு அனுப்பப்படுபவர் அவரே. பகுதிநேர உதவி வேண்டுமென்றால் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ அமர்த்துங்கள், அல்லது பகுதிநேர வீட்டு வேலைக்குத் தன் ஊழியரை அனுப்ப அனுமதி பெற்ற, வீட்டுச் சேவைத் திட்டத்தில் உள்ள நிறுவனத்திடம் பதிவு செய்யுங்கள். அந்த நிறுவனத்தின் ஊழியரைத் தனியே கூப்பிட்டுக் குறைந்த காசுக்குப் பேசினால் மறுபடியும் அதே குற்றத்தில்தான் போய் நிற்பீர்கள்.

பிள்ளைப்பேற்றுக்குப் பத்தியம் சமைக்க ஊரிலிருந்து சம்பளத்துக்கு ஒருவரை வருகை அனுமதியில் வரவழைப்பது நம்மவர்களிடம் சகஜமாகிவிட்டது. அந்த அனுமதியில் வேலை செய்யக் கூடாது. பிரசவப் பராமரிப்பாளருக்கென்று உள்ள வேலை அனுமதி மலேசியர்களுக்கானது. குழந்தை பிறந்த நாளிலிருந்து 16 வாரம் வரை செல்லும்.

சிங்கப்பூரரை மணந்து நீண்டகால வருகை அனுமதியில் இருப்பவர் வேலைக்கு வந்தால், அந்த அனுமதியோடு, வேலை செய்ய இசைவளிக்கும் கடிதத்தையும் கேளுங்கள். வருகை அனுமதி, அவர் இங்கே தங்கலாம் என்பதை மட்டுமே சொல்கிறது.

வேறு வீட்டுக்கு அனுப்பப்படும் பணிப்பெண் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், பணிப்பெண்களுக்கு உதவும் இல்லப் பணியாளர் நிலையத்தின் 1800 2255 233 என்ற எண்ணை அவரிடம் கொடுங்கள். பிறர் கண்டுபிடிக்கும் முன்பே அவர் தாமாகச் சொல்வது நல்லது.